வாளிப்பை: பக்கெட் பாக்குக்கு எங்கட சொல்

போன மாசம் மருமகள் போனுக்கு ஒரு படம் அனுப்பி, "மாமி, உந்த பக்கெட் பாக் மாதிரி ஒண்டு தைச்சுத் தாங்கோவன், கடை விலைக்கு வாங்கேலாது" எண்டு கேட்டவள். நான் மாங்குளத்தில வீட்டோட இருந்து தைக்கிறனான். பக்கத்தில இருந்த அம்மாட்ட சொல்ல, "பால்மா பக்கற்றிலயோ தைக்கச் சொல்லுறாள்?" எண்டு கேட்டா. அம்மாவில பிழையில்லை. எங்கட பக்கத்தில பக்கற் எண்டா பால்மாவும் பிஸ்கற்றும் வாற உறை, கிணத்தில தண்ணி அள்ளுறது வாளி. தமிழ்நாட்டில வாளியையே பக்கெட்டு எண்டு சொல்லுறதால அவையளுக்கு இந்தப் பேர் உடன விளங்கும், வன்னியில விளங்காது. அதுக்காகத்தான் வாளிப்பை எண்ட சொல்லைப் பிடிச்சனான்.

முதல் பொருளைப் பாப்பம். அடி வட்டமா, தட்டையா இருக்கும், அதில இருந்து சுவர் மாதிரி நேரா எழும்பி வாய் அகலமா திறந்து கிடக்கும், தோளில கொழுவ ஒரு நீட்டுப் பட்டி. கனக்கப் பையளுக்கு வாய்க்குக் கிட்ட ஓட்டை வளையம் அடிச்சு நாடா கோத்திருப்பினம், இழுத்தா வாய் சுருங்கும். நாடா இல்லாமல் காந்தப் பொத்தான் வைச்சதையும் பக்கெட் பாக் எண்டுதான் சொல்லுறவை. அப்ப பேர் வந்தது நாடாவால இல்லை, அடியால.

இதின்ர பெரிய பாட்டி 1932இல பிரான்ஸில லூயி வித்தோன் செய்த நோயே எண்ட பை. ஷாம்பேன் செய்யிற ஒராள் போத்தில் கொண்டுபோக ஒரு பை கேட்டு, அஞ்சு போத்தில் கொள்ளுற மாதிரி செய்து குடுத்தவை, நாலு நிமிர்ந்தபடி, நடுவில ஒண்டு தலைகீழா. போத்தில் நிக்கவேணும் எண்டா அடி உறுதியா இருக்கத்தானே வேணும். பிறகு 2013இல நியூயோர்க்கில மன்சூர் கவ்ரியல் எண்ட கொம்பனி வெளிய ஒரு நிறத் தோல், உள்ளுக்க பளிச்செண்டு வேற நிறம் எண்டு விட்டதோட உலகம் முழுக்க திரும்பப் பரவினது. மருமகள் அனுப்பின படமும் அந்தச் சாயல்தான்.

ஆங்கிலப் பக்கெட் பழைய பிரெஞ்சு வழியா வந்த சொல், அதுக்குப் பின்னால பழைய ஆங்கிலத்தில பூக் எண்டு ஒண்டு, அது குடத்தையும் குறிக்கும் வயித்தையும் குறிக்கும், வயிறு மாதிரி கொள்ளுற ஏனம் எண்டு நினைச்சிருப்பினம் போல. பிரெஞ்சுக்காரர் இந்தப் பையைச் சாக் சோ எண்டுவினம், சாக் பை, சோ வாளி. அவை தங்கட வாளியைத் தான் போட்டினம், நாங்களும் எங்கட வாளியைப் போடலாம். சிங்களத்தில வாளிக்கு பால்திய எண்டுறது போர்த்துக்கேயரின்ர பால்தே எண்ட சொல். எங்கட வாளிக்கு பழைய செய்யுளில அம்பு எண்டும் ஒரு பொருள் இருக்கு, காதில போடுற ஒரு நகைக்கும் அதே பேர், ஆனா பை எண்டு பக்கத்தில சேர்த்தா ஆரும் அம்பை நினைக்கமாட்டினம்.

பாக் எண்டதை அப்பிடியே வைச்சா இன்னொரு கரைச்சல். வேற்றுமை சேர்க்கேக்க பாக்குக்கு, பாக்கில எண்டு வெத்திலைத் தட்டத்துக்குப் போயிடும். பை நல்ல பழைய தமிழ், பாம்பு விரிக்கிற படத்துக்கும் பை எண்டுதான் பேர்.

சில பேர் சுருக்குப்பை எண்டு சொல்லலாமே எண்டினம். எனக்கு அது சரியாப் படேல்லை. அம்மம்மா இடுப்பில சொருகி வைச்சிருந்த சுருக்குப்பைக்கு அடியே இல்லை, ரெண்டு துணி சேர்த்துத் தைச்சு வாயில கயிறு, நிலத்தில வைச்சா விழுந்து படுத்திடும். முல்லைத்தீவுக் கடலில போடுற சுருக்குவலையும் கயிறு இழுக்க மூடுறது, சுருக்கு எண்ட சொல் மூடுற விதத்தை மட்டும் சொல்லும். துலாவில கட்டி இறைச்ச பனையோலைப் பட்டையும் தண்ணி அள்ளும், ஆனா நிமிர்ந்து நிக்காது. வாளி நிக்கும். அதால வாளிப்பை, நடுவில ப் போட்டு ஒரே சொல்லா எழுதுங்கோ.

தைக்கேக்கையும் இந்தப் பேர்தான் வழி காட்டும், ஏனெண்டா வேலை முழுக்க அடியிலதான். அடி 20 சென்ரிமீற்றர் அகலம் வேணுமெண்டா சுத்தளவு 62.8 வரும், தையலுக்கு ரெண்டு பக்கமும் 1 விட்டு 65 நீளத்துக்கு கன்வஸ் வெட்டினனான், வட்டத்தை 22ஆ வெட்டினனான். உயரம் 35, மேல 4 மடிப்புக்கும் கீழ 1 தையலுக்கும் போக 30 நிக்கும். நேர்த்துணியை வட்டத்தோட சேர்க்கேக்க நேர்த்துணியின்ர ஓரத்தில சின்னச் சின்ன வெட்டு குடுக்காட்டி சுருக்கம் விழும், நாலு இடத்தில அடையாளம் வைச்சு ஊசி குத்திப்போட்டுத்தான் மெசினில வைக்கவேணும், கன்வஸ் ரெண்டு மடிப்பா வாறதால 16ஆம் நம்பர் ஊசி. அடிக்கு உள்ளுக்க ஒரு தடிச்ச மட்டையும் வைச்சனான். ஓட்டை வளையம் இரட்டை எண்ணிக்கையில வரவேணும், எட்டு அடிச்சா நாடாவின்ர ரெண்டு முனையும் வெளிப்பக்கம் வரும்.

வெளிய மண் நிறம், உள்ளுக்க மஞ்சள் லைனிங். மருமகள் வாங்கிக்கொண்டு போய் "வாளிப்பை வந்திட்டுது" எண்டு எழுதினவள். அம்மா இப்ப தன்ர வெத்திலைக்கு ஒண்டு கேக்கிறா, மிஞ்சின மஞ்சள் துணியில அவவுக்குத் தைக்கப்போறது சுருக்குப்பை.