பாதிப் படத்தில் மட்டும் விழுந்த வெளிச்சம்

சுங்கை சிப்புட்டில் தங்கை வீட்டுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு திடல் இருக்கிறது. பள்ளி விடுமுறை என்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். போன விடுமுறையில், புதிதாக வாங்கிய ஃபிளாஷையும் 85 மி.மீ. லென்ஸையும் சோதித்துப் பார்க்கலாம் என்று அங்கே போய் நின்றேன். மணி ஒன்றேகால். படம் எடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது.

நம் ஊரில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. 1982 தொடக்கத்தில் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய ஒன்றேகால் ஆகிவிடும். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைகூட வடக்கே தள்ளாத ஊர் வேறு. வெயில் மேலிருந்து கொட்டும்போது நெற்றியும் மூக்கும் வெளுத்துப் போகும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் தெரியும்.

சரி, நிழலுக்குப் போகலாம் என்று பிள்ளைகளைச் செம்பனை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வெயிலில் திடல். அந்தத் திடல் வெளுத்துப் போகாமல் இருக்க லென்ஸின் துவாரத்தை எஃப் 7.1 என்றும் (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்), ஷட்டர் வேகத்தை 1/500 நொடி என்றும் வைத்தேன். அந்த அளவில் நிழலில் நிற்கும் பிள்ளைகள் கருத்துத்தான் தெரிவார்கள். அவர்கள் முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது ஃபிளாஷின் வேலை.

எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். தங்கை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "மாமா, எங்க காலெல்லாம் எங்க?" ஆறு பேருக்கும் இடுப்புவரை பளிச். அதற்குக் கீழே கோடு கிழித்தாற்போல் இருட்டு. வாங்கிய பொருளில் கோளாறு என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். கோளாறு என்னிடம்தான்.

கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் ஒரு திரையல்ல, இரண்டு திரைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை மேலிருந்து கீழே இறங்கிச் சென்சாரைத் திறக்கும். சற்று நேரம் கழித்து இரண்டாம் திரை அதே வழியில் இறங்கி மூடும். இரண்டுக்கும் இடையிலான தாமதத்தைத்தான் நாம் ஷட்டர் வேகம் என்கிறோம். முழு அளவுச் சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதைக் கடக்க ஒரு திரைக்கு ஏறக்குறைய 4 மில்லிநொடி ஆகும். அதாவது நொடிக்கு 6 மீட்டர். திடலில் பந்தைத் துரத்தும் பன்னிரண்டு வயதுப் பையனின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்! 1/4000 என்று வைத்தால் ஷட்டர் மின்னலாய்ப் பாய்கிறது என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். திரை எப்போதும் அதே வேகத்தில்தான் இறங்குகிறது. முதல் திரை பாதி வழி போவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடுவதால், நடுவில் இருக்கும் இடுக்குதான் குறுகிப் போகிறது. 1/1000-இல் 6 மி.மீ. இடுக்கு, 1/4000-இல் வெறும் 1.5 மி.மீ. அந்த இடுக்கு சென்சாரை வருடிக்கொண்டே போய்ப் படத்தை வரி வரியாக எழுதுகிறது.

வெயிலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது இடைவிடாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது, இடுக்கு எங்கே இருந்தாலும் தன் பங்கைக் கொடுத்துவிடும். ஃபிளாஷ் அப்படியில்லை. உள்ளே இருக்கும் மின்தேக்கி சில நொடிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னூட்டம் ஏற்றிக்கொள்கிறது. காதில் மெல்லியதாக 'ஙீ' என்று கேட்பது அந்த வேலையின்போதுதான். பிறகு செனான் வாயு அடைத்த சிறு குழாயின் மேல் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்று பட்டதும், வாயு மின்கடத்தியாக மாறி, சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளிச்சமாக வெடிக்கிறது. முழு வலுவில் ஏறக்குறைய 1/1000 நொடி, வலுவைக் குறைத்தால் 1/20,000 நொடிக்கும் கீழே. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் இந்த வகைக் குழாய்களை வைத்துத்தான் பறக்கும் துப்பாக்கிக் குண்டைக்கூட அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார்.

கோயிலில் திரை முழுக்க விலகிய பிறகுதான் சூடம் காட்டுவார்கள். ஃபிளாஷுக்கும் அதே கணக்கு. முதல் திரை அடியைத் தொட்ட பிறகு, இரண்டாவது கிளம்புவதற்கு முன், சென்சார் முழுவதும் திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அது அடித்தாக வேண்டும். அப்படியொரு இடைவெளி கிடைக்கும் உச்ச வேகத்தைச் சிங்க் வேகம் என்பார்கள். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250. நான் வைத்திருந்த 1/500-இல், முதல் திரை அடியைத் தொடும்போது இரண்டாவது பாதி தூரம் இறங்கியிருக்கும். மூடிய பாதிக்கு ஃபிளாஷ் வெளிச்சம் போகவில்லை. லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழச் செய்வதால் சென்சாரின் மேல்பாதி என்பது படத்தின் கீழ்ப்பாதி. காணாமல் போன கால்கள் அங்கேதான் இருந்தன.

கேமராவோடு பேசத் தெரிந்த ஃபிளாஷாக இருந்தால் வேகத்தைத் தானே 1/200-இல் நிறுத்தியிருக்கும். ஃபிளாஷை இயக்க நான் மாட்டியிருந்த மலிவு ரேடியோ கருவிக்கு 'அடி' என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

1/200-க்கு இறக்கினால் என்ன என்று கேட்கலாம். இறக்கலாம், கால்கள் வந்துவிடும். ஆனால் 85 மி.மீ. லென்ஸ் வாங்கியதே எஃப் 2.8-இல் திறந்து, பின்னால் இருக்கும் மோட்டார் சைக்கிளையும் கொடித்துணியையும் மங்கலாகக் கரைத்துவிடத்தானே? பளிச்சென்ற வெயிலில் சென்சாரின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்றால், எஃப் 16-க்கு 1/100 நொடி என்பது பழைய பாடம். அங்கிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் 32 மடங்கு வெளிச்சம் கூடும். அப்போது 1/3200 நொடி வேண்டும். சிங்க் வேகமோ 1/200.

இதற்கு ஒலிம்பஸ் 1986-இல் ஒரு வழி காட்டியது. ஃபிளாஷ் ஒரே வெடியாக வெடிக்காமல், நொடிக்குப் பல ஆயிரம் தடவை துடித்து, இடுக்கு மேலிருந்து கீழே இறங்கி முடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இன்று அதிவேக சிங்க் என்று எல்லா நிறுவனங்களும் தருவது இதைத்தான். வெயிலைப் போலவே நடிக்கும் ஃபிளாஷ். ஆனால் பெரும்பகுதி வெளிச்சம் மூடிய திரையில்தான் போய் விழும். 1/4000-இல் இடுக்கு சென்சாரில் 16-இல் ஒரு பங்கு என்றால் சென்சாருக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பதால், 16-இல் ஒன்று என்பது எட்டும் தூரத்தைக் கால்வாசியாக்கிவிடும். செம்பனை மரங்களுக்கு இடையே சுமார் 9 மீட்டர் விட்டு நடுவார்கள். ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிவரை எட்டிய ஃபிளாஷ் இப்போது இரண்டேகால் மீட்டரில் மூச்சு வாங்கும். வேறு கருவி கொண்டுபோய் நானும் முயன்றேன். பிள்ளைகளின் மூக்குக்கு நேரே ஃபிளாஷைப் பிடித்ததில் இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

லென்ஸுக்கு முன்னால் கருங்கண்ணாடி மாட்டுவது இன்னொரு வழி. 16-இல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் என்.டி. ஃபில்டர் போட்டால் 1/3200 வேண்டிய இடத்தில் 1/200 போதும். எனக்கு இதுதான் பிடித்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தையும் அது குறைக்கும்தான், ஆனால் முழு வலுவும் ஒரே வெடியில் கிடைக்கிறது. இந்த இழுபறியெல்லாம் இல்லாத கேமராவும் வந்துவிட்டது. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பில் சென்சாரின் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் பதிவாகும். திரையே தேவையில்லை, 1/80,000 வரை ஃபிளாஷ் அடிக்கலாம். விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

மாலை ஐந்தரைக்கு மறுபடி திடலுக்குப் போனேன். சூரியன் செம்பனை ஓலைகளுக்குப் பின்னால் சரிந்து, பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண்குழிகளைக் காணோம். ஃபிளாஷ் பையிலேயே கிடந்தது. 1/1000-இல், பந்தோடு என்னை நோக்கி ஓடிவந்த தங்கை மகளை எடுத்தேன். இந்த முறை காலும் இருந்தது, ஒரு செருப்பைத்தான் காணவில்லை.