பொய்க்காலும் மாயக்காலும்

என் பெரியப்பாவுக்கு மூன்று கால்கள். வலது கால் பிறந்தபோதே வந்தது. இடது முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொள்வது பொய்க்கால். மூன்றாவது, 1970களில் எல்லைக் காட்டில் போய்விட்ட அதே இடது கால். அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. அரிக்கும், மரத்துப்போகும், சில இரவுகளில் கட்டைவிரலை யாரோ குறடு போட்டு முறுக்குவது போல வலிக்கும்.

"இல்லாத கால் எப்படி வலிக்கும் பெரியப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"அதத்தான்டா நானும் அதுகிட்ட கேக்கிறேன்" என்பார்.

1968இலிருந்து 1989 டிசம்பரில் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, மலேசிய - தாய்லாந்து எல்லைக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்தது. பெரியப்பா மாதிரிப் பட்டாளத்துக்காரர்கள் அங்கே துப்பாக்கியைவிட அதிகம் பயந்தது தரையைப் பார்த்துத்தான். இலைச் சருகுக்குக் கீழே புதைத்து வைத்திருக்கும் பொறிவெடியை அவர்கள் இன்றும் மலாயில் 'ஜெராங்காப் சாமார்' என்றுதான் சொல்வார்கள். இந்த மாதிரி வெடிகள் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, பாதத்தைப் பிடுங்கிவிடும். காயம்பட்ட ஒருவரைத் தூக்கிப் போக நாலு பேர் வேண்டுமே. கணக்குப் போட்டுச் செய்த கொடுமை அது.

கால் போன கதையைப் பெரியப்பா யாரிடமும் சொல்வார். போன கால் வலிக்கும் கதையைப் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். 'எல்லாம் மனசுதான், மறக்கப் பாருங்கள்' என்றாராம் அவர். அதோடு பெரியப்பா வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் சொன்னது தப்பு. கை காலை இழந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு இருக்கும். பத்தில் ஐந்து முதல் எட்டுப் பேருக்கு அதில் வலியும் வரும். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் ஆம்புரவாஸ் பாரே இதைக் குறித்து வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் என்ற நரம்பு மருத்துவர், 1871இல் இதற்குப் 'பேய் உறுப்பு' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்தார். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1866இல், இதே விஷயத்தை அவர் தன் பெயரைப் போடாமல் ஒரு கதையாக எழுதியிருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த தகவல். தமிழில் மாய உறுப்பு என்கிறோம். பேயைவிட மாயம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? ஒரே இடத்திலிருந்து அல்ல.

முதல் இடம் வெட்டுப்பட்ட முனை. பாதத்திலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பாதியில் அறுந்துவிட்டது. அறுந்த நரம்பு செத்துப்போவதில்லை, மறுபடி வளரப் பார்க்கும். போய்ச் சேரப் பாதம் இல்லாததால் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடும். இந்த முடிச்சுக்கு நியூரோமா என்று பெயர். அது யாரும் தொடாமலே மின்சமிக்ஞைகளை அனுப்பும், பொய்க்கால் அழுத்தினால் இன்னும் வேகமாக அனுப்பும். இந்தக் கம்பியில் எது வந்தாலும் பாதத்திலிருந்து வந்தது என்றுதான் மூளை எடுத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அப்படித்தானே வந்துகொண்டிருந்தது! பெரியப்பாவின் காலின் மிச்சத்தில் ஓர் இடத்தை விரலால் தட்டினால் இல்லாத சுண்டுவிரல் சுரீர் என்கிறதாம். தட்டிப் பார்க்கச் சொன்னார், தட்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டாவது இடம் முதுகுத்தண்டு. கீழேயிருந்து ஓயாமல் இரைச்சல் வந்தால், அங்குள்ள நரம்பணுக்கள் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கி மேலே அனுப்பப் பழகிவிடும்.

மூன்றாவது இடம் மூளை. சண்டையே இங்கேதான்.

1937இல் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் உடம்பின் எந்தப் பாகத்துக்கு உரியது என்று வரைந்து காட்டினார். மூளையின் மேல்பரப்பில் ஒரு பட்டையில் நம் உடம்பு முழுவதும் படுத்திருக்கிறது. கைக்குப் பக்கத்து வீடு முகம். 1991இல் குரங்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கையிலிருந்து செய்தி வருவது நின்று பல வருஷமான மூளையில், கைக்குரிய இடம் முகத்தைத் தொட்டால் துடித்தது. சென்னையில் மருத்துவம் படித்துக் கலிஃபோர்னியா போன வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் வருடினார். அவர்கள் கன்னத்தையும் உணர்ந்தார்கள், இல்லாத விரல்களையும் உணர்ந்தார்கள். காலியான வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் குடி வந்துவிட்டார், அதுதான் குழப்பத்துக்கும் வலிக்கும் காரணம் என்ற விளக்கம் உலகமெல்லாம் பரவியது.

அழகான விளக்கம். கொஞ்சம் அதிகமாகவே அழகு. பிற்பாடு, கை இழந்தவர்களை மாயக்கையை அசைக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பழைய இடம் பழைய மாதிரியே வேலை செய்தது. 2025இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கை எடுக்கப்படுவதற்கு முன்பும், எடுத்துச் சில ஆண்டுகள் வரையும் மூன்று பேரின் மூளையைத் தொடர்ந்து ஸ்கேன் செய்திருந்தார்கள். கையின் வரைபடம் கிட்டத்தட்ட மாறாமல் இருந்தது. அப்படியென்றால் வீடு காலியாகவே இல்லை, வீட்டுக்காரர் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேரை வைத்து வழக்கை முடித்துவிட முடியாதுதான். ஆனால் பெரியப்பாவைப் பார்த்தவன் என்ற முறையில் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். அவருடைய கால் மங்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் அதில் பூட்ஸ் மாட்டியிருக்கிறது, கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது.

விரலை மடக்கு என்று மூளை கட்டளை அனுப்பினால், 'மடக்கிவிட்டேன்' என்று தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் கண்ணிலிருந்தும் பதில் வர வேண்டும். மாயக்காலிலிருந்து பதிலே வராது. மூளை மறுபடி மறுபடி கட்டளை போடுகிறது, அதனால்தான் விரல்கள் இறுகி முறுக்கிக்கொள்வது போலத் தோன்றுகிறது என்பது ஒரு கருத்து. இதை வைத்துத்தான் ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடி வைத்தியத்தைக் கொண்டுவந்தார். இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு நிலைக்கண்ணாடி. நல்ல காலின் பிம்பம், போன கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல காலை அசைத்தால் இரண்டும் அசையும். கண் வழியாகவாவது பதில் வந்துவிடுகிறது.

2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 18 பேரை ஆறு ஆறாகப் பிரித்து, தினமும் 15 நிமிஷம் வீதம் நாலு வாரம் சோதித்தார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியில் ஒருவருக்குக் குறைந்தது. கண்ணை மூடிக் கற்பனை செய்தவர்களில் இரண்டு பேருக்குக் குறைந்து, நாலு பேருக்குக் கூடிவிட்டது. 'மனதை அடக்கு' என்று அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்கலாம். சின்னச் சோதனைதான், பிறகு வந்த ஆய்வுகளில் பலன் கலந்துதான் கிடைத்தது. செலவு ஒரு கண்ணாடி என்பதால் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. காபாபென்டின் மாதிரி நரம்பு வலி மருந்துகளை டாக்டர் பார்த்துத் தருவார். அறுந்த நரம்பை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைக்கும் அறுவை சிகிச்சையும் இப்போது வந்திருக்கிறது. இயந்திரக் கையை இயக்குவதற்காகச் செய்தது, செய்துகொண்ட பலருக்கு வலியும் குறைந்தது.

பொய்க்காலும் ஒரு மருந்துதான். காலையில் அதை மாட்டியதும் மாயக்கால் நீண்டுபோய் அதற்குள் சரியாக உட்கார்ந்துகொள்ளும் என்கிறார் பெரியப்பா. பலருக்கு இப்படி நடக்கிறது. ஆனால் பினாங்கு வெயிலில் அதை மாட்டிக்கொண்டிருப்பது லேசில்லை. சிலிக்கோன் உறைக்குள் வியர்வை தேங்கும். மத்தியானம் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் சொட்டும். போகப்போகக் காலின் மிச்சம் சுருங்கி, பொய்க்காலின் குழிக்குள் ஆடத் தொடங்கும். அதற்காகச் சட்டைப்பையிலேயே கூடுதல் காலுறை வைத்திருப்பார். லிட்டில் இந்தியாவில் கடைகளின் முன்னால் போகும் அஞ்சடி நடைபாதை வழியே அவரோடு நடந்தால், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை எத்தனை அங்குலம் ஏறி இறங்குகிறது என்பது அப்போதுதான் உறைக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படியையும் ஏறிவிடுவார். இறங்குவதுதான் பாடு, பொய்க்காலின் கணுக்கால் மடங்காதே. ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது பொய்க்கால் முன்னால், இதுதான் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த விதி.

இரவில்தான் ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் இரண்டு காலும் இருப்பதாக நினைத்து எழுந்து நின்றுவிடுவார். மாயக்கால் உடம்பைத் தாங்காது. இரண்டு முறை விழுந்த பிறகு, கட்டிலை ஒட்டிப் பெரியம்மா ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார், எழுந்தால் முதலில் அதில் இடிக்கட்டும் என்று.

போன மாதம் ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் போனபோது பெரியப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், நடுவில் கண்ணாடி. வலது கால் விரல்களை மெதுவாக விரித்து மடக்கினார். கண்ணாடிக்குள் இடது கால் விரித்து மடக்கியது.

"பூட்ஸ் கழண்டுச்சா?" என்றேன்.

"கயிறு லூசாகியிருக்கு. பசியாறிட்டியா நீ?"

அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "முடிச்சதும் கண்ணாடிய எடுத்த இடத்துல வைங்க. நேத்து பொட்டு வைக்க நான் வீடு பூரா தேடினேன்."