பள்ளிக்கூடத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: ஆபத்து எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது

கட்டடம் பழையது என்பதால் மட்டும் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடங்களின் கூரை பெரும்பாலும் மர உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ். நூறு வயதைத் தாண்டிய அந்தக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் கிடையாது. அதே வளாகத்தில் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன் எழுப்பிய சைக்கிள் ஷெட், சத்துணவுக் கூடம், கழிப்பறை, மொட்டை மாடியில் இரும்பு ஆங்கிள் நிறுத்திப் போட்ட கூடுதல் வகுப்பறை, இவற்றைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் நெளிநெளியாகக் கிடக்கும் அந்த சிமெண்ட் ஷீட், வேறு என்று நிரூபிக்கப்படாத வரை ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரையில் அது இவ்வளவு பரவியதற்குக் காரணம் உண்டு. உப்புக் காற்றில் தகரம் சில வருஷத்திலேயே துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். சிமெண்ட் ஷீட் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொன்னார்கள். அகற்றியதும் சரி. ஆனால் பல இடங்களில் கீற்று இறங்கிய இடத்தில் ஏறியது சிமெண்ட் ஷீட். தீக்கும் அது முழுப் பாதுகாப்பு இல்லை. கடுமையான சூட்டில் ஷீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, ஷீட் படார் படார் என்று வெடித்துச் சில்லுகளாகச் சிதறும். குடிசைப் பகுதித் தீயை அணைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

ஷீட்டுக்குள் இருப்பது என்ன? 3 மீட்டர் நீளம், 1.05 மீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு ஷீட் 40 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு கிரைசோடைல் எனும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். மற்றது சிமெண்டும் சாம்பலும். அதாவது ஒரு ஷீட்டில் மூன்றரை, நான்கு கிலோ நார். 14 ஷீட் போட்ட ஒரு கூரையில் ஏறக்குறைய 50 கிலோ. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸைத் தோண்டி எடுப்பது நின்று பல வருஷமாகிவிட்டது. ஆனால் ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் நாடுகளிலிருந்து நாரை இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பது நிற்கவில்லை. ஆஸ்திரேலியா 2003 முடிவோடும், ஐரோப்பிய ஒன்றியம் 2005லும் இதை முற்றாக நிறுத்தின.

கல்நார் என்று நாம் சொல்லும் இந்தக் கனிமம் மற்றக் கற்களைப் போல மணலாக உடையாது. வாழைநாரைக் கிழிப்பது போல நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். ஒவ்வொரு இழைக்குள்ளும் அதைவிட மெல்லிய இழை. கிரைசோடைலின் கடைசி இழை 0.03 மைக்ரான்கூடத் தேறாது. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். இப்படிப்பட்ட இழை காற்றில் கிளம்பினால் கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, தும்மல் வராது. அடைத்த அறையில் தரைக்கு வந்து சேர மணிக்கணக்காகும். மிக மெல்லியவை நாள்கணக்கில் மிதக்கும். தரையில் படிந்ததும் கதை முடிவதில்லை. துடைப்பம் பட்டால், மின்விசிறி சுற்றினால், பிள்ளைகள் ஓடினால் மறுபடி எழும்.

மூச்சோடு போகும் சாதாரணத் தூசியை மூக்கும் தொண்டையும் சளியும் தடுத்துவிடும். மெல்லிய நீண்ட இழையோ காற்றோட்டத்தின் திசையிலேயே நெடுக்காகத் திரும்பிக்கொண்டு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. அங்கே குப்பையை விழுங்கும் வேலை மேக்ரோஃபேஜ் செல்களுடையது. இழை அந்தச் செல்லைவிட நீளமாக இருந்தால் முழுசாக விழுங்க முடியாது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்கும் நிலையில், செல் தான் சுரக்கும் அரிக்கும் பொருள்களைச் சுற்றிலும் கொட்டிவிட்டுச் சாகிறது. அடுத்த செல் வருகிறது, அதுவும் அப்படியே. வருஷக்கணக்கில் நடக்கும் இந்த அழற்சியில் நுரையீரல் தழும்பேறி இறுகினால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். சில இழைகள் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள செல்களின் மரபணுவைச் சிதைத்தால் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். நுரையீரல், குரல்வளை, கருப்பைக்கு அருகிலுள்ள சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் காரணம் என்று உறுதியாகியிருக்கிறது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடும்.

வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உடலில் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் ஒன்றும் செய்யாது என்று ஒரு வாதம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நீல, பழுப்பு வகைகளோடு ஒப்பிட்டால் அது உடலில் குறைந்த காலமே தங்குகிறது என்பது உண்மை. அதைக்கொண்டு பாதுகாப்பானது என்று சொல்வது பொய். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. வேலை இடத்து ஆஸ்பெஸ்டாஸால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது.

பள்ளியைத் தனியாகப் பேசவேண்டிய காரணம் காலம். மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 50 வருஷம் ஆகலாம். அறுபது வயதில் தூசியைச் சுவாசித்தவருக்கு அந்த நோய் வர வாய்ப்பளிக்கும் அளவுக்குப் பெரும்பாலும் ஆயுள் மிச்சம் இருக்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முழு ஆயுளும் மிச்சம். ஒரே அளவு தூசியை ஐந்து வயதில் சுவாசிக்கத் தொடங்கியவருக்கு, முப்பது வயதில் தொடங்கியவரைவிட வாழ்நாள் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2013இல் பிரிட்டன் அரசின் புற்றுநோய் ஆலோசனைக் குழு மதிப்பிட்டது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஷீட்டைப் பிரித்துப் போடக் கிளம்பாதீர்கள். விரிசல் இல்லாத, யாரும் தொடாத ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது; அதன் கீழே உட்கார்ந்து படிப்பதால் வரும் அபாயம் மிகக் குறைவு. ஒரு நாள் தூசி பட்டுவிட்டது என்பதற்காக நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. மொத்தமாக எவ்வளவு, எத்தனை காலம் என்பதே கணக்கு. நான்கு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் வெள்ளைப் புகையும், சுத்தியலால் அடித்து நொறுக்கும்போது எழும் புழுதியும்தான் ஆபத்து. அவசரப்பட்டுத் தப்பாகக் கழற்றினால், இருபது வருஷம் சும்மா கிடந்த ஷீட் ஒரே நாளில் அந்த வளாகத்தையே கெடுத்துவிடும்.

நல்ல ஷீட் கெட்டுப்போவதும் நடக்கிறது. மழைநீர் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பாசி படர்ந்து அமிலம் விடுகிறது. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுகிறது. இருபது, முப்பது வருஷத்தில் மேல்தோல் உதிர்ந்து, நார் வெளியே நீட்டிக்கொண்டு பஞ்சு படிந்தது போலத் தெரியும். உதிர்ந்தது மழையோடு ஓடிக் கூரை விளிம்புக்கு நேர்கீழேயும் மழைநீர்த் தொட்டியின் அடியிலும் வண்டலாகச் சேரும். அந்த வண்டல் காய்ந்தால் தூசி, ஆகவே ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: தென்னை. மட்டையோ காயோ விழுந்து உடையாத ஷீட் கூரை இந்தப் பக்கம் அபூர்வம். ஷீட் கூரை மேல் சாயும் தென்னையில் காயை முற்றி விழும் முன்பே இறக்குவது மிக மலிவான பாதுகாப்பு.

புயல் வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. கூரை பறந்த மறுநாள் உடைந்த துண்டுகள் தெருவெங்கும் கிடக்கும். அவை நனைந்திருப்பது நல்ல வாய்ப்பு. வெயில் வந்து காய்வதற்குள் கையுறை போட்டுக்கொண்டு கையால் பொறுக்கித் தடித்த பாலிதீனில் கட்டிவிட வேண்டும். மூன்று நாள் விட்டால் அதே துண்டுகள் மேல் டிராக்டர் ஏறித் தூளாகும். ஓட்டையான கூரைக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய் போடுங்கள். உடைந்த ஷீட்டையே வெட்டி ஒட்டுப்போட வேண்டாம்.

கூரை நன்றாக இருக்கும் பள்ளி செய்யவேண்டியது ஒரு நோட்டுப் போடுவது. எந்தக் கட்டடத்தில் எத்தனை ஷீட், எப்போது போட்டது, எங்கே விரிசல் என்று எழுதி, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பார்த்துக் குறிக்க வேண்டும். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளை இதைத்தான் செய்யச் சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வும் கட்டாயம். நம்மிடம் யாரும் கேட்காவிட்டாலும் செய்யலாம். ஷீட்டில் ஃபேன் கொக்கிக்காகத் துளை போடக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் பாசி சுரண்டுவதும், அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. வெள்ளை அடிக்க விரும்பினால் சுரண்டாமல், வெளிப்பூச்சு அக்ரிலிக் பெயின்ட்டைத் தெளிப்பானால் மெதுவாக அடிக்கலாம். நார் அடங்கும், வகுப்பறையில் சூடும் குறையும். அறிவியல் ஆய்வகத்தில் நடுவில் வெள்ளை வட்டம் பதித்த பழைய கம்பி வலைகள் இருந்தால் அவையும் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான். பையில் கட்டி எடுத்து வைத்துவிட்டு, வட்டத்தில் பீங்கான் பூசிய வலை வாங்குங்கள்.

கழற்றுவதென்று முடிவானால் மே மாத விடுமுறை, காலை நேரம். மத்தியானத்துக்குமேல் கடல் காற்று எழுந்தால் தூசி ஊருக்குள் போகும். பெஞ்சு, அலமாரி எல்லாவற்றையும் முன்னாலேயே வெளியேற்றி, தரையில் 800 கேஜ் பாலிதீன் விரிக்க வேண்டும். 200 மைக்ரான் என்று கேட்டாலும் அதுதான். மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீரோடு சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஷீட்டின் இரண்டு பக்கமும் நனைக்க வேண்டும். வெறும் தண்ணீர் நாருக்குள் சரியாக ஊறாது, சோப்பு அதற்காக. முந்தின நாளே தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அடித்துக் காயவிட்டால் நார் இன்னும் நன்றாகக் கட்டுப்படும். அந்தத் தெளிப்பானை மறுபடி வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஈரமான ஷீட் வழுக்கும், 6 மில்லிமீட்டர் ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது. கூரை வழியாக உள்ளே விழுந்து இறப்பது ஆஸ்பெஸ்டாஸ் நோயைப் போல முப்பது வருஷம் காத்திருக்காத ஆபத்து. ஆகவே முடிந்தவரை கீழிருந்து சாரம் கட்டியே வேலை நடக்க வேண்டும். மேலே ஏறியே ஆகவேண்டும் என்றால் இரும்புச் சட்டங்களின் மேல் குறுக்காகப் பலகை போட்டு, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பெல்ட் போட்டுக் கயிற்றில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாள் எண்ணெய் விட்டு ஸ்பேனரால் திருகலாம், வராவிட்டால் கம்பி வெட்டும் கத்தரியால் போல்ட்டை நறுக்கலாம். இங்கேதான் பொறுமை போய் கிரைண்டரை எடுப்பார்கள், எடுக்க விடாதீர்கள். ஷீட்டை இரண்டு பேர் பிடித்து முழுசாகக் கயிற்றில் இறக்க வேண்டும். தூக்கி எறியக் கூடாது.

முகத்தில் துண்டு கட்டுவது இந்த இழையை நிறுத்தாது, சர்ஜிக்கல் மாஸ்க்கும் அப்படித்தான். மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய அரைமுக மாஸ்க் வேண்டும், அது முகத்தில் இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். தாடி இருந்தால் பதியாது. போட்டிருந்த உடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது. கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தே மீசோதீலியோமா வந்த பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வேலை முடிந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் கட்ட வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் இழையைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

பல வருஷம் ஷீட் அறுத்த ஆளுக்கு நடந்தால் மூச்சு வாங்குவதும் விடாத வறட்டு இருமலும் வந்தால், காசநோய் என்றே முதலில் நினைப்பார்கள். மருத்துவரிடம் தன் வேலையைப் பற்றி அவரே வாய்திறந்து சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது, இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது.

இறக்கிய ஷீட் எங்கே போகிறது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். கூலியைக் குறைக்க, 'பழைய ஷீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்பந்தக்காரரிடம் பேசி முடித்துவிடுவது வழக்கம். அது மாட்டுக் கொட்டகைக்கும் குளியலறை மறைப்புக்கும் போகும். உடைந்தது பள்ளம் நிரப்பவும் ஏரிக்கரையிலும் கொட்டப்படும். ஆகவே வேலைக்கான செலவு மதிப்பீடு தயாரிக்கும்போதே எழுதுங்கள்: ஷீட் முழுசாக இறக்கப்படும், இரண்டு அடுக்கு பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டி 'ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதீர்' என்று எழுதப்படும், ஒப்பந்தக்காரருக்குச் சொந்தமாகாது, மறுபயன்பாட்டுக்குப் போகாது. எங்கே அனுப்புவது என்பதைக் கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திலும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அபாயக் கழிவைப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. லாரி வாடகையையும் அங்கே வாங்கும் கட்டணத்தையும் மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். அந்த வரி இல்லாத மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.