மதில் வரி: சந்தை வாசலில் பணத்தை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

துண்டுச் சீட்டுகூடக் கொடுக்காமல் சந்தை வாசலில் பணம் வாங்கப்படுவதை நேரில் பார்த்தவன் நான். தலைச்சுமையோடு வந்தவர் "எதற்கு இந்தப் பணம்?" என்று வாயெடுப்பதற்குள் பின்னால் நிற்கும் கூட்டம் அவரைத் தள்ளிவிடும். அதனால்தான் இடைக்கால அயர்லாந்தின் மதில் வரியைப் பற்றிப் படித்தபோது மதிலின் உயரம் என் மனதில் நிற்கவில்லை. வாசலில் நின்றவர்தான் நின்றார். அவர் அன்று என்னிடம் விவரம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். ஊரைச் சுற்றி மதில் கட்ட நகரத்தாரிடம் பணம் இல்லை. அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்து அரசருக்கும் தம் கருவூலத்தைத் திறக்க மனமில்லை. அதற்குப் பதிலாக, சந்தைக்கு வரும் சரக்கின்மீது சில ஆண்டுகளுக்குச் சுங்கம் தண்டிக்கொள்ள அனுமதிக் கடிதம் கொடுத்தார். இதற்கு மியூரேஜ் என்று பெயர். டப்ளின் 1221-இல் பெற்றது, வாட்டர்ஃபோர்டு 1224-இல், லிமெரிக் 1237-இல், கில்கென்னி 1266-இல், ட்ரிம் 1290-இல். வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அரச முத்திரையோடு எல்லோரும் பார்க்கும்படி திறந்த மடலாக எழுதப்பட்ட கடிதம் அது. மறைத்து வைக்க வேண்டிய ஆவணம் அல்ல. எந்த ஊர், எத்தனை ஆண்டு, எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். ஆண்டுதான் பெரிய கண்ணி. காலம் முடிந்ததும் சுங்கம் அடியோடு நிற்க வேண்டும் என்பது இத்தகைய கடிதங்களின் வழக்கமான வாசகம். ஆனால் பழகிய கை தானாக மடங்குமா? "புதுப்பித்தாகிவிட்டது" என்பார் வாசல்காரர். உண்மையாகவும் இருக்கலாம், பல ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். அப்படியானால் புதிய கடிதம் எங்கே என்று கேளுங்கள். அது லத்தீனில் இருக்கும், தேதியும் ஆட்சியாண்டுக் கணக்கில் இருக்கும். எட்வர்டு அரசரின் 18-ஆம் ஆட்சியாண்டில் ஏழாண்டுக்குக் கொடுத்தது 25-ஆம் ஆட்சியாண்டில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர் எங்கே போய்ப் போடுவார்? படிக்கத் தெரிந்த பாதிரியார் ஒருவரைக் கூட அழைத்துப் போவதே நல்லது.

அடுத்தது சரக்குப் பட்டியல். பெரும்பாலானவை கால் பென்னி, அரைப் பென்னி, ஒரு பென்னிக் கணக்குதான். சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். அன்றைய கூலியாள் நாள் முழுவதும் உழைத்துப் பெற்றதே ஒன்றிரண்டு பென்னி. வண்டிப் பாரம் வேறு, குதிரைப் பாரம் வேறு. குதிரையில் கொண்டுவந்ததற்கு வண்டிக் கட்டணம் கேட்டால் அங்கேயே மறுத்துவிடுங்கள். இன்னொன்றும் முக்கியம்: இந்தச் சுங்கம் விற்பனைக்கு வரும் பொருளுக்கு மட்டுமே. உங்கள் வீட்டுச் சமையலுக்குக் கொண்டுபோகும் தானியத்துக்கு இல்லை. விற்கப்போகிறீர்களா இல்லையா என்று உங்களிடம் கேட்காமலேயே கணக்கு எழுதுவார்கள். வாயைத் திறந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விலக்கு உண்டா? உண்டு, காகிதத்தில். 1192-இல் ஜான் இளவரசர் டப்ளின் நகரத்தாருக்குக் கொடுத்த சாசனம், அவருடைய ஆட்சிப் பரப்பு முழுவதும் அவர்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்தது. வேறு பல ஊர்களும் இதுபோன்ற உரிமை பெற்றிருந்தன. ஆனால் சாசனம் இருப்பது உங்கள் ஊர்ப் பெட்டகத்தில். நீங்கள் நிற்பது வேறு ஊரின் வாசலில். சான்று எங்கே என்பார்கள். இல்லையென்றால் சரக்கைப் பிடித்து வைப்பார்கள். மீன் கொண்டுவந்தவர் நியாயம் கிடைக்கும்வரை காத்திருக்க முடியுமா? அதனால்தான் விலக்கு உள்ளவர்களும் கட்டிவிட்டுப் போகிறார்கள். புறப்படுமுன்பே ஊர் முத்திரையிட்ட சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோகெடாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது ஓர் ஊர் போலத் தெரியும். பாயின் என்னும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நகராட்சி, அந்தப் பக்கம் வேறொரு நகராட்சி. 1412-இல்தான் இரண்டையும் இணைத்தார்கள், அதுவும் நெடுநாள் சண்டைக்குப் பிறகு. ஒரு கரையில் கட்டிய பணம் மறு கரையில் செல்லும் என்று நம்பிப் பாலம் ஏறாதீர்கள். விற்க வேண்டியதை ஒரே கரையில் விற்றுவிட்டுத் திரும்புங்கள்.

கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்றால்? இங்கிலாந்தில் 1275-ஆம் ஆண்டு இயற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதித்ததைவிட வேறாக மதில் வரி வாங்கும் நகரம் அந்த அனுமதியை என்றென்றைக்கும் இழக்கும், கடுமையான அபராதமும் கட்டும். 1285-இல் இச்சட்டத்தை அயர்லாந்திலும் கடைப்பிடிக்க உத்தரவானது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அபராதம் யாருக்குப் போகிறது? அரசருக்கு. உங்களிடம் அதிகமாக வாங்கிய அரைப் பென்னி உங்கள் கைக்குத் திரும்பும் என்று அந்தப் பிரிவு சொல்லவே இல்லை. எனவே கட்டிவிட்டுப் பிறகு முறையிடலாம் என்று எண்ண வேண்டாம். வாதாட வேண்டிய இடம் வாசல்தான்.

என்னை மிகவும் வருத்துவது கேலிக் அயர்லாந்துக்காரர்களின், அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகளின், நிலை. அவர்களும் தோலும் கால்நடையும் கொண்டுவந்து இதே சுங்கத்தைக் கட்டினார்கள். பணம் வாங்கும்போது யாரும் குலம் கேட்கவில்லை. அரசரின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் மட்டும் எதிராளி எழுந்து "இவன் அயர்லாந்துக்காரன்" என்று சொல்லிவிடலாம். வழக்கு அத்தோடு விழும். அவர்களில் ஐந்து அரச குடும்பத்தாருக்கும், தனியாக அனுமதி பெற்ற சிலருக்கும்தான் ஆங்கிலச் சட்டத்தின் காப்பு இருந்தது. சுதந்திரமான அயர்லாந்துக்காரர் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று 1331-இல் சொன்னார்கள். டப்ளினின் முதல் அனுமதிக்கு 110 ஆண்டுகள் கழித்து!

சுங்கத்துக்குக் காத்திராமலும் மதில் எழும்பியிருக்கிறது. 1265-இல் நியூ ராஸ் மக்கள் தொழில்வாரியாக நாள் பிரித்துக்கொண்டு தாங்களே அகழி வெட்டப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் முறை, கல் சுமந்தார்கள். அந்த வேலையைப் பாடிய பிரெஞ்சு மொழிப் பாட்டு இன்றும் கிடைக்கிறது.

கட்டிய பணத்துக்குக் காப்பு கிடைத்ததா என்று கேட்பவர்கள் 1317-ஐப் பாருங்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எட்வர்டு புரூஸும் அவர் அண்ணனும் ஸ்காட்லாந்து அரசருமான ராபர்ட்டும் படையோடு டப்ளினை நெருங்கினார்கள். முதல் அனுமதி கிடைத்து 96 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆற்றோரத்தில் அவசர அவசரமாக மதில் எழுப்புவதற்கு டொமினிக்கன் துறவிகளின் மடத்தை இடித்துக் கல் எடுத்தார்கள். பகைவர் வந்து தங்க இடம் கிடைக்கக் கூடாது என்று, மதிலுக்கு வெளியே இருந்த புறநகர் வீடுகளுக்கு நகரத்தாரே தீ வைத்தார்கள். படை முற்றுகையிடாமல் திரும்பிப் போனது. வீடுகள் எரிந்துவிட்டிருந்தன.