ஏலியனைக் கொன்றால் கொலைக்கேஸ் வருமா?

உயர்தரம் படிக்கிற மருமகன் போன கிழமை புட்டைக் குழைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, கோப்பாயில ஒரு ஏலியன் வந்து இறங்குது. எங்களைவிட மூளை கூட, தமிழும் கதைக்குது எண்டு வையுங்கோ. அதைப் பொல்லால அடிச்சுச் சாகடிச்சால் கொலைக்கேஸ் வருமோ?"

வராது. சும்மா சொல்லவில்லை, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இலங்கையில் கொலையை விளக்குவது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. எது கொலை என்பது 294ஆம் பிரிவில், அதற்கு மரணதண்டனை என்பது 296இல் (1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, தீர்ப்பு மட்டும் இன்னும் வாசிக்கிறார்கள்). ஆனால் மருமகனுக்கான பதில் இந்தப் பிரிவுகளில் இல்லை, சட்டக்கோவையின் ஆரம்பத்தில், ஒருவரும் வாசிக்காத சொல்விளக்கப் பகுதியில் கிடக்கிறது. மரணம் என்றால், சந்தர்ப்பம் வேறு விதமாகக் காட்டாதவரை, மனிதருடைய மரணம். விலங்கு என்றால் மனிதர் தவிர்ந்த எந்த உயிரினமும். ஆக, விண்கலம் ஓட்டி வந்தாலும் ஏலியன் சட்டத்தின் கண்ணில் விலங்கு. நேற்றுப் பிறந்த குழந்தையையோ, நினைவில்லாமல் கட்டிலோடு கிடக்கிறவரையோ கொன்றால் கொலை. புத்தி எவ்வளவு என்ற கேள்வியே எங்கும் வரவில்லை. எனக்கு இது பிழையாகப் படவில்லை, புத்தியை அளந்து உயிருக்கு விலை போடத் தொடங்கினால் முதலில் அடிபடுவது எங்களில் ஏலாத சனம்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கம்பனிகூட சட்டத்தில் 'ஆள்'தானே? உண்மை. நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றையே 2017இல் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றார்கள். ஆனால் கம்பனியை இழுத்து மூடியவருக்குக் கொலை வழக்கு வருவதில்லை. நியூயோர்க்கில் ஹாப்பி என்ற யானையைக் காட்சிச்சாலையிலிருந்து விடுவிக்கக் கேட்ட வழக்கும் 2022இல் 5க்கு 2 என்ற கணக்கில் தோற்றது, அங்கும் கேட்கப்பட்டது விடுதலைதான், கொலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

சரி, கொலை இல்லையென்றால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சின்னது. இன்னொருவருடைய விலங்கை வேண்டுமென்று கொன்றால் அவருடைய சொத்துக்குச் சேதம் செய்த குற்றம். கொடுமைப்படுத்திக் கொன்றால் 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் வரும். அதில் எழுதியிருக்கும் தண்டனை 100 ரூபாய் வரை தண்டம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் காலத்தில் 100 ரூபாய் பெரிய காசு, இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டோ ஓட்டத்துக்கே காணாது. இன்னொரு கூத்து, அந்தச் சட்டத்தில் விலங்கு என்பது வளர்ப்பு விலங்கு அல்லது பிடித்து வைத்த விலங்கு. மருமகனின் ஏலியனுக்கு இதில் பாதுகாப்புக் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது அதைப் பிடித்துக் கட்ட வேண்டும். இதற்குப் பதிலாகப் புதிய சட்டமூலம் ஒன்றை சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைந்து கொடுத்தது.

காட்டு விலங்கு, கடல் விலங்கு என்றால் கதை வேறு. யானை, டொல்பின், கடற்பசு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொன்றால் வனஜீவராசிகள் திணைக்களம் வழக்குப் போடும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால்தான் அந்தப் பாதுகாப்பு. அவை புத்திசாலிகள் என்பதற்காக இல்லை.

உங்களுக்கு நேரே உதவக்கூடியது நாய் விஷயம். எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய்க்கு யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள். காலையில் கிணற்றடியில் வாயில் நுரையோடு கிடந்தது. வீட்டுக்கார அக்கா அழுதழுது பத்து மணிக்குள் தென்னைக்கடியில் தாட்டுவிட்டு, பின்னேரம் பொலிசுக்குப் போனா. காட்ட என்ன இருக்கிறது? உடனே புதைக்க வேண்டாம். படம் எடுங்கள், மிச்சச் சோற்றைப் பையில் கட்டி வையுங்கள், அரச கால்நடை வைத்தியரிடம் உடலைக் காட்டி எழுத்தில் வாங்குங்கள், அதற்குப் பிறகு முறைப்பாடு.

கதைக்கிற கணினியை அழித்தால்? அதுவும் கொலையில்லை, உயிரினமே இல்லை என்பதால் மிருகவதையும் இல்லை. மற்றவருடையதற்குள் அனுமதியில்லாமல் புகுந்து அழித்திருந்தால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் பிடிக்கும்.

மருமகன் விடவில்லை. "அப்ப எல்லாளன்?" என்றான். அனுராதபுரத்தில் இருந்து ஆண்ட அந்த அரசன், கன்றுக்குட்டியின் மேல் தெரியாமல் தேரை ஏற்றிய தன் மகனை அதே சில்லால் கொன்றான் என்று மகாவம்சமே சொல்கிறது. கன்றைக் கொன்றதைக் கொலையாக எடுத்த வழக்கு அது.

"இப்ப எண்டால் இளவரசனுக்கு 100 ரூபாயோ மாமா?"

அதுவும் வராது. வேண்டுமென்று ஏற்றவில்லையே. மாட்டுக்காரருக்கு நட்டஈட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.