உள்ளே நுழைந்தாயிற்று, பட்டியல் எங்கே?

"பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் சரி. சர்வருக்குக் கோப்பு அனுப்ப உதவும் ஃபைல்ஜில்லா மென்பொருள் 'லாக்டு இன்' என்றே காட்டுகிறது. ஆனால் கோப்புப் பட்டியல் வருவதில்லை. 20 விநாடி கழித்து இணைப்பு அறுந்துவிடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அந்த 20 விநாடி, ஃபைல்ஜில்லாவில் முன்பே அமைந்திருக்கும் காத்திருப்பு நேரம். அதை 60 ஆக்கினால் 60 விநாடி கழித்துத் தோற்கும், அவ்வளவுதான். கடவுச்சொல்லையும் சந்தேகிக்க வேண்டாம். அது தவறென்றால் சர்வர் 530 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பியிருக்கும். லாகின் வெற்றி என்று சொல்லும் 230 வந்துவிட்டது என்றால் வாசல் தாண்டியாயிற்று. சிக்கல் உள்ளே இருக்கிறது.

ஃபைல்ஜில்லா கோப்பு அனுப்பப் பயன்படுத்தும் முறையான எஃப்டிபி ஒரே இணைப்பில் இயங்குவதில்லை. சர்வரின் 21ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியின் வாசல் எண்) திறக்கும் முதல் இணைப்பில் பேச்சு மட்டுமே நடக்கும்: கட்டளை போகும், பதில் எண் வரும். சரக்குக்கு ஒவ்வொரு முறையும் தனியாக இன்னொரு இணைப்பு திறக்கிறது. கோப்புப் பட்டியலும் சரக்குதான். லாகின் வெற்றி, பட்டியல் தோல்வி என்றால் இரண்டாம் இணைப்பு உருவாகவில்லை என்று பொருள்.

அந்த இரண்டாம் இணைப்பை யார் தொடங்குவது? பழைய வழியான ஆக்டிவ் முறையில், நம் கணினி தன் முகவரியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். சர்வர்தான் தேடிவந்து இணையும். நம் வீட்டுக் கணினியின் முகவரியோ 192.168.1.5 போன்ற ஒன்று, ரௌட்டருக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாவது. வெளியூர்க்காரரிடம் ஆபீஸ் இன்டர்காம் எண்ணைக் கொடுத்து "இதற்கு அடியுங்கள்" என்பதைப் போன்றது இது. பாசிவ் முறையில் சர்வர் எண்ணைச் சொல்லும், நாம் அழைப்போம். ரௌட்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இதுவே ஒத்துவரும்.

சர்வர் எண் சொல்லும் அழகை ஃபைல்ஜில்லாவின் மேல்பகுதியில் ஓடும் செய்திகளிலேயே பார்க்கலாம். 227 என்று தொடங்கும் வரியில் 198,51,100,7,195,149 என்பதுபோல் ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து போர்ட். போர்ட் எண் 65,535 வரை போகலாம், ஒரு பைட்டில் 255க்கு மேல் அடங்காது. அதனால் இரண்டு பைட்டாகப் பிரித்துச் சொல்கிறது. முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டுங்கள்: 195 × 256 = 49,920; அதோடு 149 சேர்த்தால் 50,069. வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் சர்வரின் ஃபயர்வால் 50,000 முதல் 50,050 வரைதான் திறந்திருக்கிறது என்றால் இந்த அழைப்பு சுவரில் மோதும். நம் வாசகரின் நோய்க்குறி அப்படியே இதற்குப் பொருந்துகிறது. மருந்து சர்வர் பக்கம்: எஃப்டிபி மென்பொருளில் பாசிவ் போர்ட் வரம்பு ஒன்றைக் குறித்து, அதே வரம்பை ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும்.

முதல் நான்கு எண்கள் 10 என்றோ 192,168 என்றோ தொடங்கினால் சர்வரும் ஒரு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கிறது, தன் வெளிமுகவரி அதற்கே தெரியவில்லை. ஃபைல்ஜில்லா இதைக் கண்டுகொண்டு, 21இல் இணைந்த முகவரியையே பயன்படுத்திக்கொள்ளும். எல்லா மென்பொருளும் இவ்வளவு சமர்த்தில்லை. 1998இல் வந்த விரிவாக்கப்பட்ட பாசிவ் கட்டளை முகவரியையே தூக்கிவிட்டது. அதன் 229 பதிலில் போர்ட் மட்டும்தான்.

அப்படியானால் ஆக்டிவ் முறை பல வீடுகளில் எப்படி வேலை செய்தது? இங்கே ரௌட்டர் ஒரு திருட்டுத்தனம் செய்கிறது. 21ஆம் போர்ட்டில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டு, 192,168,1,5 என்பதை அழித்துவிட்டுத் தன் வெளிமுகவரியை, உதாரணமாக 203,0,113,25 என்று எழுதிவிடுகிறது. எண்ணிப் பாருங்கள்: முன்னது காற்புள்ளிகளோடு 11 குறிகள், பின்னது 12. இணைப்பைச் சுமக்கும் அடிப்படை முறையான டிசிபியில் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. ஒரு குறி கூடியதும் சர்வரின் கணக்கும் நம் கணினியின் கணக்கும் ஒன்று பிசகிவிடும். ஆகவே அந்த இணைப்பு முடியும்வரை, போகும் ஒவ்வொரு பொதியின் வரிசை எண்ணிலும் ரௌட்டர் ஒன்றைக் கூட்டுகிறது, திரும்பிவரும் ஒப்புதலில் ஒன்றைக் கழிக்கிறது. இரு முனைகளுக்கும் இது தெரியவே தெரியாது!

டிஎல்எஸ் மறையாக்கம் போட்டவுடன் ரௌட்டரின் கண் கட்டப்பட்டுவிடுகிறது. படிக்க முடியாததைத் திருத்தவும் முடியாது. "மறையாக்கத்தை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை பரவியது இதனால்தான். நிறுத்தினால் சில இடங்களில் ஓடவும் செய்யும். கடவுச்சொல் அப்பட்டமாக இணையத்தில் போகும். இது தாயத்து வைத்தியம்.

எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வந்தது. எழுதியவர் கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். எஃப்டிபி பிறந்த, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்தது. அந்தக் காலத்து வரைவு ஆவணங்களை இன்றும் யாரும் காசில்லாமல் படிக்கலாம். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு பொதுவில்தான் கிடக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமைப்புகளுக்கு வருவோம். கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் சைட் மேனேஜர் திறக்கும். ஹோஸ்ட் கட்டத்தில் சர்வர் பெயர் மட்டும். போர்ட்டைக் காலியாக விட்டால் 21. என்க்ரிப்ஷனில் 'ரிக்வயர் எக்ஸ்பிளிசிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இஃப் அவைலபிள்' என்று விட்டால், சர்வரில் டிஎல்எஸ் இல்லாதபோது வெறும் எஃப்டிபிக்கு இறங்கிவிடலாம். 990ஆம் போர்ட்டில் தொடக்கத்திலேயே மறையாக்கம் போடும் இம்பிளிசிட் பழைய வழக்கம். டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸில் பாசிவ். இணைப்பை மூடுகிறேன் என்று சொல்லும் 421 அடிக்கடி வந்தால் அதே இடத்தில் ஒரே நேர இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சர்வர் எஸ்எஃப்டிபியை அனுமதித்தால் கேள்வியே வேண்டாம், அதற்கே போய்விடுங்கள். அது மறையாக்கத்தோடு கோப்பு அனுப்பும் வேறு முறை, எஃப்டிபிக்குப் பெயரில்தான் உறவு. 22ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பில் எல்லாம் முடிந்துவிடும், மேலே சொன்ன கூத்து எதுவும் இல்லை.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் குப்பை எழுத்தாகத் தெரிந்தால் கேரக்டர் செட்டில், எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக்கும் முறையான யுடிஎஃப்-8ஐக் கட்டாயமாக்குங்கள். 'தமிழ்' என்ற சொல் யுடிஎஃப்-8இல் 15 பைட். சர்வரோடு புரிதல் இல்லையென்றால் அது 15 அந்நிய எழுத்துகளாகிவிடும்.

இன்னொன்று, பெரிய கோப்பு 100 சதவீதம் போனபின் 'டைம்டு அவுட்' ஆகி மறுபடி தொடங்கும். சரக்கு ஓடும்போது 21ஆம் இணைப்பு சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பை ரௌட்டர் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது நினைவில் வைக்க வேண்டும் என்பது விதி. மலிவான ரௌட்டர்கள் சில நிமிடங்களிலேயே மறந்துவிடுகின்றன. கோப்பு முழுசாகச் சேர்ந்திருக்கும், முடிந்தது என்று சொல்லும் 226 மட்டும் வழியில் தொலைந்திருக்கும். மறுபடி அனுப்புமுன் இரு பக்கமும் கோப்பின் அளவு பைட்டுக்கு பைட் ஒன்றா என்று பாருங்கள்.