உளுந்தஞ்சோறு செல்லுக்குள் போன பிறகு

கோஎன்சைம் க்யூ10 மாத்திரை இப்போது பாளையங்கோட்டை மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. செல்லுக்குள் இருந்து உணவை ஆற்றலாக மாற்றும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலு சேர்க்கும், களைப்பைப் போக்கும் என்கிறார்கள். வாங்கும் முன் மைட்டோகாண்ட்ரியா எதை வைத்து வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அதைப் புரிந்துகொள்ளத் திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலுமே போதும்.

சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து, இரத்தத்தின் வழியே செல்லைச் சேர்கிறது. அங்கே அது பைருவேட் என்னும் சிறு மூலக்கூறாகப் பிளவுபடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் பைருவேட்டை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் நொதிக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, இல்லாமல் முடியாது. அது குறைந்தால் பைருவேட் லாக்டிக் அமிலமாக மாறித் தேங்கும். ஓயாது உழைக்கும் இதயமும் நரம்புகளும் தளரும். இதுதான் பெரிபெரி, தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஊர்களை வாட்டிய நோய். புழுங்கல் அரிசி உண்ட இடங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போய்விடாது. இதை முன்னோரின் மருத்துவ ஞானம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அவித்த நெல்லைக் குத்தினால் அரிசி நொறுங்காது என்பதே அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கும்.

வடித்த சோற்றில் இந்தச் சத்தின் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். உளுந்தஞ்சோற்றை வடிப்பதில்லை, அளந்து ஊற்றிய நீரிலேயே வெந்து அடங்கும். தோலோடு போடும் கறுப்பு உளுந்து தன் பங்குக்குத் தயமினையும் மக்னீசியத்தையும் சேர்க்கிறது.

இனி மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வருவோம். உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்களை அங்கே கொண்டுவரும் மூலக்கூறுகள் பி2, பி3 வைட்டமின்களிலிருந்து உருவானவை. சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கூட்டங்கள் எலக்ட்ரான்களைக் கைமாற்றி, கடைசியில் நாம் மூச்சிழுத்த ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. அவ்வாறு கைமாறுவதில் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. பாபநாசம் அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் கீழே பாய்ந்து டர்பைனைச் சுழற்றுவதுபோல, குவிந்த புரோட்டான்கள் திரும்பப் பாயும்போது ஒரு நொதி உண்மையாகவே சுழன்று ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை உருவாக்குகிறது. 1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நாளில் நம் உடல் உருவாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி. ஏறத்தாழ நம் எடை அளவுக்கு வரும்.

எலக்ட்ரான்கள் இரும்பின் வழியே நகர்கின்றன; கடைசிப் புரதக் கூட்டத்தில் செம்பும் உண்டு. உருவான ஏ.டி.பி. பெரும்பாலும் மக்னீசியத்தோடு பிணைந்தே வேலை செய்கிறது. எள்ளில் இந்த மூன்றும் நிறைய இருக்கின்றன. (மரவள்ளிக் கிழங்கை வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதற்கும் இங்கேதான் விளக்கம். கிழங்கிலிருந்து வெளிவரும் சயனைடு அந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான் முடக்கும்.)

இரும்புக் குறைவுதான் நம் வீடுகளின் உண்மையான சிக்கல். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு; ஆனால் தாவர இரும்பு எளிதில் உடலில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும்.

மாத்திரையாக விற்கும் க்யூ10, எலக்ட்ரான்களை ஒரு புரதக் கூட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கடத்துவது. 1957இல் மாட்டிதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் உடல் இதைத் தானே செய்துகொள்கிறது. சாளை மீன், நிலக்கடலை, எள் ஆகியவற்றிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. இதைச் செய்ய முடியாத பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாத்திரை பெரிய உதவி. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் நம்பிக்கை தரும் முடிவைக் கண்டது. நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் களைப்பை இது போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பணத்துக்குச் சாளை வாங்கலாம் என்பேன்.

பி12 வேறு கதை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சில கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் எரிக்கும் வழியில் ஒரு நொதிக்கு இது தேவை. தாவர உணவில் இது கிடைப்பதில்லை. சைவ வீட்டில், நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்ளும் பெரியவருக்குக் குறைபாடு வர இரண்டு காரணங்கள் சேர்கின்றன. அந்த மருந்தும் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கிறது. அவர் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். இங்கே மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் குறையை நிரப்புவது பற்றியது. மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குவது உடலுழைப்பு. ஓடவிட்ட எலிகளின் தசைகளில் அது பெருகுவதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி 1967இலேயே காட்டினார். தசையில் ஏ.டி.பி. குறையும்போது எழும் சமிக்ஞைகள் புதிய மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்கத் தூண்டுகின்றன. உழைப்பின்போது சிறிதளவு உருவாகும், எதனோடும் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் துணுக்குகளுக்கும் (ஃப்ரீ ராடிக்கல்) அதில் பங்கு உண்டு. ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சியோடு, அந்தத் துணுக்குகளை அடக்கும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் எடுத்த இளைஞர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்கவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. இதைப் படித்துவிட்டு நெல்லிக்காயையும் கொய்யாவையும் யாரும் ஒதுக்க வேண்டாம். அந்த ஆய்வில் கொடுத்தது நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி.